டிராம் சீட்டின் பின்பக்கம்

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் ஓர் இனம் பெருகி வருகிறது. பெரும்பாலும் ஓய்வூதியம் வாங்கும் வயதில்தான் தென்படும்; சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, கையில் இடுக்கி, வாயில் ‘கண்டிஷன்’ என்ற ஒரே சொல். டிராம் சீட்டுக்காரர் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். தாம்பரத்துக்கு டிராம் வந்ததே இல்லையே என்பீர்கள். இல்லைதான். சென்னையிலேயே அது நின்று எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. அதனால் என்ன? பார்க்காததன் மேல்தானே மனிதனுக்குப் பக்தி அதிகம்.

இவருக்கு எல்லாச் சீட்டும் ஆகாது. மாற்றுச் சீட்டுதான் வேண்டும். ஒரு டிராமில் ஏறி, வழியில் இறங்கி, மறுபடி காசு கொடுக்காமல் இன்னொரு டிராமில் ஏறிக்கொள்வதற்கான சீட்டு அது. இரண்டாவது டிராமில் ஓட்டை போடாமல் தப்பியது என்றால், சீட்டுகளில் அதுதான் உயர்ந்த ஜாதி. ஆமாம், அங்கேயும் ஜாதி உண்டு. தன் மின்சார ரயில் நான்கு நிமிஷம் தாமதமானால் மூன்று பக்கப் புகார் எழுதுகிற மனிதர், எவனோ ஒருவன் அந்தக் காலத்தில் டிராமைத் தவறவிட்டு நடுத்தெருவில் நின்றதை நினைத்துப் பூரிப்பார். அவன் யார்? ஏன் தவறவிட்டான்? வீடு போய்ச் சேர்ந்தானா? கேட்கமாட்டார். அதெல்லாம் கண்டிஷனில் சேராது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி, என் நண்பர் அஸ்தினாபுரம் கேசவன். சகுனம் பார்க்கமாட்டார், சாமி கும்பிடமாட்டார், அதனால்தான் எனக்கு நண்பரானார். ஆனால் ஆல்பத்தைத் திறக்கும்போது வெள்ளைக் கையுறை போடுவார், நம்மைச் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வார், மூச்சைப் பக்கவாட்டில் விடச் சொல்வார்.

“மே மாசத்துல ஃபேனை நிறுத்தறார் சார்,” என்றார் அவர் மனைவி சந்திரிகா. “சீட்டு பறந்துடுமாம். நான் மயக்கம் போட்டா பரவாயில்லையாம்.”

“அது வேற கிடைக்காதும்மா,” என்றார் கேசவன். எது கிடைக்காது என்று அவர் விளக்கவில்லை.

இவரிடம் போய் சரசு அக்காவைப் பற்றிச் சொன்னது என் தவறு. பம்மலில் இருக்கிறார் அக்கா. மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ஏசுபாதம் தோல் பதனிடும் தொழிலாளி, முப்பது வயதுவரை கைநாட்டு. சங்கத்து ஆட்கள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருநாள் கூட்டத்துக்குப் பட்டணம் போனவர், டிராமில் உட்கார்ந்து, கையிலிருந்த மாற்றுச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் தன் பெயரை முதல்முறையாக யார் துணையும் இல்லாமல் எழுதினார். ஐந்தெழுத்து. எழுதி முடித்து நிமிர்ந்தபோது இறங்க வேண்டிய இடம் போய்விட்டது, பிடிக்க வேண்டிய டிராமும் போய்விட்டது. நடந்தே போனாராம், சிரித்துக்கொண்டே. அவர் கையெழுத்தாக வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெள்ளத்தில் போயிற்று.

கண்காட்சியில் வைத்துவிட்டு ஒரே வாரத்தில் தருகிறேன் என்று கேசவன் வாங்கிப்போனார். ஆறு வாரம் கழித்து நானும் அக்காவும் அதைத் திரும்ப வாங்கப் போனோம். மேசையில் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, குழந்தைக்கு முதுகு தேய்ப்பவர்போல, வெளிநாட்டு ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் பண்ணிகினு கீறீங்க?” என்றார் அக்கா.

“க்ளீனிங்மா. முன்பக்கம் பிரமாதம். பின்பக்கம்தான் யாரோ கிறுக்கி வச்சிருக்கான்.”

“கிறுக்கல சார். அது எங்கப்பா பேரு.”

“பென்சில்தானே, போயிடும். கவலைப்படாதீங்க.”

எட்டிப் பார்த்தேன். ‘ஏசு’ போய்விட்டது, ‘பாதம்’ மிச்சம். கடவுள் இல்லை என்று இத்தனை வருஷம் மேடைபோட்டுப் பேசியும் என்னால் ஆகாத காரியம். சிரிப்பு வந்தது, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“இன்னும் மூணு எழுத்து. முடிச்சே தந்துடறேன்,” என்றார் கேசவன்.

அக்கா கையை நீட்டினார்.

“தொடாதீங்கம்மா. விரல்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.”

எந்தக் காலத்து வார்த்தை இது. அவர் அப்பாவின் சீட்டை அவர் தொடக் கூடாதாம்.

“தோலு ஊறவச்ச கையாலதான் சார் எங்கப்பா அத்தப் புடிச்சாரு. ஒண்ணும் ஆவல.”

அக்கா முதலில் எடுத்தது ரப்பரை. அதைப் பக்கத்தில் நின்ற சந்திரிகாவிடம் கொடுத்தார். பிறகு மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, அழிந்த இடத்தில், அவசரமில்லாமல், ‘ஏசு’ என்று எழுதினார். “எனக்கு மொதல்ல எழுதக் கத்துக்குடுத்ததே இந்தப் பேருதான்,” என்றார். அப்பாவின் மூன்று எழுத்துக்கு முன்னால் மகளின் இரண்டு எழுத்து கொஞ்சம் பெரிதாக நின்றது.

“போச்சு,” என்றார் கேசவன். “இனிமே எந்தக் கலெக்‌ஷன்லயும் இது சேராது.”

“சேர வேணாம் சார். பம்மலுக்கே எடுத்துகினு போறேன்.”

வாசகரே, நாம் இந்த இனமில்லை என்று நிம்மதியாகத்தானே இருக்கிறீர்கள்? அந்தச் சீட்டின் நிறம் என்ன, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்கலாமே என்று நடுவில் ஒரு தடவையாவது தோன்றியதா? தோன்றியிருந்தால், கேசவன் ஒரு கூட்டாளி தேடிக்கொண்டிருக்கிறார்.