மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு எந்த ஆயில்?

அன்பிலும் அதட்டலிலும் ஒரு குறையும் வைக்காத என் மனைவிக்கு,

நானும் வண்டியும் சௌக்கியம். நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் சௌக்கியம் என்பது நேற்று ஃபோனிலேயே தெரிந்துவிட்டது. கடிதம் என்றால் கேட்க வேண்டுமே என்பதற்காக இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறேன். ஃபோனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை காதில் விழ, பேத்தி நடுவில் வீறிட, ஒரு மனிதன் தன் மனைவியிடம் என்னத்தைப் பேசுவான்? மகள் பிரசவத்துக்கு இரண்டு மாதம் என்று போனாய், நீ போய் இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது. குறை சொல்லவில்லை. மகள் வேலைக்குப் போகிறாள், குழந்தைக்கு ஆள் வேண்டும், நீ நிதானமாகவே வா, அவசரமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இனியும் பழைய ஆயிலே போதுமா என்று ஆயில் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் கிலோமீட்டரைக் கேட்டதும் துக்கம் விசாரிக்கிற குரலில், "இன்னும் ஓடுதா சார்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ஓடாமலா நான் வந்தேன்?" என்றேன். "வயசான எஞ்சின் சார். மெல்லிசான ஆயில் ஊத்துனா குடிச்சிடும். ரொம்பக் கெட்டியா ஊத்துனா காலைல கிளம்ப அடம்பிடிக்கும்" என்று சொல்லி, நடுவாந்தரமாக இரண்டு டப்பாக்களை எடுத்துக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். "அளவை மட்டும் அடிக்கடி பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கொடுத்தார். வினை அதில்தான் வந்தது.

மெக்கானிக் ஒரு டப்பாவை ஊற்றி சர்வீஸை முடித்துக் கொடுத்தார். மற்றது, ஒரு லிட்டர் டப்பா, கைவசம் இருந்தது. அளவு பார்ப்பது எனக்கென்ன புதிதா, இருபது வருஷமாகப் பார்க்கிறவன். நீ போனபிறகு பானெட்டைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் வந்ததும் பானெட்டைத் திறந்து, அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால், ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. கொஞ்சம் ஊற்றினேன். அடுத்த நாளும் அதே கதை, ஊற்றினேன். பாவம், வயசாகிவிட்டது, பசிக்கிறது போல என்று டப்பா தீரும்வரை ஊற்றினேன். பத்தாம் நாள் வண்டி பின்பக்கம் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு போனது. ஒரு ஸ்கூட்டர்காரர் இருமிக்கொண்டே என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கடிதத்தில் எழுதக்கூடாது.

மெக்கானிக் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "யாரு சார் இவ்வளவு ஊத்துனது?" என்றார்.

"குறைஞ்சுக்கிட்டே இருந்துச்சே."

"எப்பப் பாத்தீங்க?"

"வண்டிய நிறுத்தினதும்."

"நிறுத்துன உடனேயா? ஆயில் அப்ப எஞ்சினுக்குள்ள மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கும் சார், கம்பில குறைச்சலாத்தான் காட்டும். பத்து நிமிஷம் விட்டா கீழ வடியும், அப்புறம்தான் பாக்கணும். இத்தனை வருஷமா எப்படிப் பாத்தீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் நான் பானெட்டைத் திறந்தால் நீ ஜன்னலிலிருந்து, "டீ ஆறுது, குடிச்சிட்டுப் போய்ப் பாருங்க" என்பாய். நான் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வருவேன். டீக்கு ஐந்து நிமிஷம், உன் அண்ணன் வீட்டு விவகாரத்துக்கு ஐந்து நிமிஷம். அதற்குள் ஆயில் சமர்த்தாகக் கீழே வடிந்திருக்கும். நான் போய்ப் பார்த்து, "என் வண்டி ஒரு சொட்டுக் குடிக்காது" என்று உன்னிடமே பெருமையடிப்பேன். இதைத் தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? இப்போது அந்தப் பத்து நிமிஷத்தை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால் எதிரில் உன் நாற்காலி இருக்கிறது. அதனால் வாசலிலேயே நின்று எதையாவது துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதிகப்படி ஆயிலை வடித்துவிட்டு மெக்கானிக், "அம்மா வரலையா? அவங்க பக்கத்துல உக்காந்து சத்தம் கேட்டுச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. நீங்க எப்பவும் நல்லாத்தான் ஓடுதும்பீங்க" என்றார். தனியாகவே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். டக் டக்கென்று ஏதோ கேட்டது. பழக்க தோஷத்தில், "இது என்ன சத்தம்?" என்று பக்கத்து சீட்டைப் பார்த்துக் கேட்டும்விட்டேன். திரும்பி வந்து மெக்கானிக்கிடம், நல்லாத்தான் ஓடுது என்றேன். அந்தச் சத்தத்தை நீ வந்து கேட்டுக்கொள்ளலாம், அவசரமில்லை.

மழைக்காலம் முடியட்டும். நானே வண்டியில் வந்து உன்னை அழைத்துப் போகிறேன். அதுவரை பொறுத்தால் போதும், அவசரமில்லை. சொந்த வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு ரயிலில் போகிறவன் நானில்லை. அது வண்டிக்குச் செய்கிற துரோகம்.

பேத்திக்கு என் ஆசி. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. மகளுக்கு, ஸ்பீக்கர் இல்லாமல், என் அன்பு.

இப்படிக்கு,
எந்தக் குறையுமில்லாமல் இருக்கும்
உன் கணவன்

பின்குறிப்பு: அவசரமில்லை என்று மேலே மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றும் பொய். சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். ரயிலில்தான் வருகிறேன், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. வண்டியை நம்பிப் புறப்பட்டு அது வழியில் நின்றுவிட்டால், உன்னைப் பார்ப்பது ஒரு நாள் தள்ளிப் போய்விடும்.