விமானத்தின் பாதுகாப்பு கருதி

மனித உயிரின் அருமையை முழுமையாக உணர்ந்த ஒரே நூல், வீட்டில் செய்த பழைய விமானங்களைப் புதுப்பிப்பதற்கான விதிமுறைப் புத்தகம்தான். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி போர்மேன் மாரிக்கண்ணன் அதை மூன்று முறை படித்து, மூன்று முறையும் கண்கலங்கினார்.

காரணம் இருந்தது. இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கு இரண்டு பக்கமும் கதவு வேண்டும் என்றது புத்தகம். அவர் மனைவி பொன்மணி பட்டாசுக்கு மருந்து அடைக்கும் ஏழாம் நம்பர் அறையில் நாலு பேருக்குத்தான் அனுமதி. இருந்தது பதினான்கு பேர். திறந்தது ஒரே கதவு. இன்னொன்றை அட்டைப்பெட்டி அடுக்கி அடைத்து இரண்டு சீசன் ஆகிறது. முதலாளி ஜெயச்சந்திரனிடம் எப்போது கேட்டாலும், "ஆர்டர் முடியட்டும்லே" என்பார்.

விமானமும் முதலாளியுடையதுதான். கோயம்புத்தூரில் ஒரு பல் மருத்துவர் மொட்டைமாடியில் பதினோரு ஆண்டு பாடுபட்டுச் செய்தது. இறக்கையில் இன்னும் கிராம்பு வாசனை. கம்பெனி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர் என்பதால், அதைப் புதுப்பிக்கும் வேலை மாரிக்கண்ணன் தலையில் விழுந்தது. கைமாறிய விமானத்துக்குப் புதிதாகச் சான்று வேண்டும். அதற்கு அதிகாரி வருகிறார் என்றதும் மாரிக்கண்ணனுக்கு நம்பிக்கை துளிர்த்தது. இவ்வளவு கருணையுள்ள துறையின் ஆள் ஏழாம் நம்பரை ஒரு பார்வை பார்த்தால் போதாதா?

அதிகாரி ஹரிபிரசாத் வெள்ளைக் கையுறையோடு வந்தார். ஒவ்வொரு திருகாக நலம் விசாரித்தார்.

"இதை முடுக்கியது யார்?"

"நான்தாங்க."

"உங்களுக்கு இந்த வேலை தெரியுமா?"

"நல்லாத் தெரியும்ங்க."

அதிகாரி பேனாவை மூடினார். இவ்வகை விமானத்தில் பெரும்பகுதி வேலையை 'ஆர்வலர்'தான் செய்திருக்க வேண்டும். வேலை தெரிந்தவன் கை பட்டால் சான்று கிடையாது.

முதலாளி குறுக்கே விழுந்தார். "ஐயா, அவன் சும்மா சொல்லுதான். ஒரு எழவும் தெரியாது. ஏலே, சொல்லுலே."

"ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் இருபத்தாறு ஆண்டு அனுபவசாலி.

பேனா திறந்தது.

அடுத்து, விமானி கண்ணெதிரே இயக்கக் குறிப்பு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தது. வழக்கமாகப் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்துக்குத்தான் ஆர்டர் போயிருந்தது. அவர்களும் வழக்கமாக அடிப்பதையே பளபளவென்று அடித்துக் கொடுத்திருந்தார்கள். அதிகாரி உரக்கப் படித்தார்:

"கை நீட்டும் தூரத்தில் நின்று பற்றவைக்கவும். பற்றவைத்ததும் ஓடி விலகவும். பெரியவர் துணையின்றிச் சிறுவர் இயக்கக் கூடாது."

"மூணாவது சரிதானுங்களே?" என்றார் முதலாளி.

அதிகாரி யோசித்து, "முதல் இரண்டைத் திருத்துங்கள்" என்று எழுதிக்கொண்டார்.

கடைசியாக, நிறுத்துமிடம். விமானம் நின்றது ஏழாம் நம்பர் அறையின் சுவரோரம். அதிகாரி சன்னலில் எட்டிப் பார்த்தார்.

"உள்ளே எத்தனை பேர்?"

முதலாளி வாய் திறப்பதற்குள் மாரிக்கண்ணன் முந்திக்கொண்டார். "பதினாலுங்க. நாலு பேரு இருக்க வேண்டிய எடம். அங்கன பாருங்க, இன்னொரு கதவப் பெட்டிய வச்சு அடைச்சிருக்கு."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீகளா?" என்றாள் உள்ளிருந்து பொன்மணி. "வேலைய விட்டுட்டு வீட்ல வந்து விமானம் ஓட்டப் போறீகளா?"

"தீப்பிடித்தால்?" என்றார் அதிகாரி.

"ஒருத்தரும் மிஞ்ச மாட்டாகங்க."

அதிகாரியின் முகம் வெளுத்தது. அப்படியொரு பதைப்பை மாரிக்கண்ணன் எந்த அதிகாரி முகத்திலும் கண்டதில்லை. நின்ற இடத்திலேயே உத்தரவு எழுதி, முத்திரை குத்தி, வாசித்தார்: "மேற்படி அறை எந்நேரமும் வெடிக்கக்கூடியது எனச் சாட்சியுடன் தெரியவருவதால், விமானத்தின் பாதுகாப்பு கருதி, அதை உடனே இருநூறு மீட்டருக்கு அப்பால் கொண்டுசெல்ல வேண்டும்."

"உள்ள இருக்கவுக?" என்றார் மாரிக்கண்ணன்.

அதிகாரி மனசாட்சியுள்ளவர். புத்தகத்தைப் புரட்டினார், பொருளடக்கத்தையும் பார்த்தார்.

"தரையை விட்டு மேலே போனால்தான் அவர்கள் என் துறைக்குள் வருவார்கள்."

உத்தரவு உடனடியாக நிறைவேறியது. சீசன் நேரத்திலும் முதலாளி வேலையை நிறுத்தச் சொன்னார். பதினான்கு பேரும் வெளியே வந்து, இறக்கைக்கு ஏழு பேராகப் பிடித்து, விமானத்தை அலுங்காமல் தள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். தூரத்தை அதிகாரியே நாடா பிடித்து அளந்தார். இருநூற்று மூன்று மீட்டர், முழுத் திருப்தி.

பிறகு பதினான்கு பேரும் வரிசையாக நடந்துபோய், ஒருவர் பின் ஒருவராக, அந்த ஒற்றைக் கதவு வழியே உள்ளே நுழைந்தார்கள்.