பசறை பஸ்ஸில் ஒரு டாக்டர்

பட்டம் வாங்கிய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பதுளை ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்துக் கிடக்க வேண்டும். பட்டம் வாங்காத டாக்டரோ பசறை பஸ்ஸில் தானாகவே வந்து நம் பக்கத்துச் சீற்றில் உட்காருவார். இவர்தான் பஸ் டாக்டர். பார்க்காமலா இருந்திருப்பீர்கள்?

எங்கள் தேயிலைத் தோட்டத்து பஸ் டாக்டர் யேசுரத்தினம். சளி, சர்க்கரை, முழங்கால் வலி, மாமியார் தொல்லை, எது வந்தாலும் அவர் எழுதிக் கொடுக்கும் மருந்து ஒன்றே ஒன்று: இஞ்சி போட்ட பிளேன்டி, அதாவது பால் விடாத வெறும் தேத்தண்ணி.

அன்றைக்கு அகப்பட்டவள் பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் செபஸ்தியம்மா. பாவம், மாதக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, கொழுந்து பறிக்கிற இடத்தில் காரணமில்லாமல் அழுகை, கோயிலில் முன்னே நின்று பாடுகிறவள் இப்போது வாயே திறப்பதில்லை. மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்த பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் ஆர்த்திகா, பொறுமையாக விளக்கித்தான் அனுப்பியிருந்தார்.

"இந்தக் குளிசை உடனே வேலை செய்யாது அம்மா, ரெண்டு மூண்டு கிழமை பொறுக்க வேணும். முதல்ல கொஞ்சம் வயித்தைப் பிரட்டும், பயப்பிடாதேங்கோ. நீங்களா நிப்பாட்டாதேங்கோ. ஏலாமப் போனா உடனே வாங்கோ."

திரும்பி வரும் பஸ்ஸில் யேசுரத்தினம் அவளிடமிருந்து மாத்திரை அட்டையை வாங்கினார். யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணை இடுக்கி, "ம்ஹூம்" என்றார். என்னத்தைக் கண்டாரோ, அட்டை தலைகீழாக இருந்தது!

"இது பைத்தியத்துக்குக் குடுக்கிறதுல்ல? ஒருக்கா போட்டா ஆள வுடாது. கவல யாருக்குத்தான் இல்ல? தூக்கி எறிஞ்சிட்டு இஞ்சி பிளேன்டி குடிங்க."

"ஆமாங்க, ஆமாங்க" என்றது பின் சீற்று.

செபஸ்தியம்மா அட்டையை வாங்கி யன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். எனக்குப் பகீரென்றது. வளைவில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்க, கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, வயித்தப் பிரட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாத்திர போட முந்தியே, ஒங்க பேச்சுக்கே பிரட்டுதுங்க. போட்டுத்தான் பாக்குறேனே."

ஒரு மாதம் போனது. அதே பஸ், அதே டாக்டர்.

"மொகம் தெளிஞ்சிருக்கே! இஞ்சி பிளேன்டி வேல செஞ்சிருச்சு பாத்தீங்களா?"

"இஞ்சி எனக்கு ஆகாதுண்ணே. மாத்திரதான். முந்தி நீங்க பேசினா அழுக வரும். இப்ப சிரிப்பு வருது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், டிரைவரே திரும்பிப் பார்த்தார். கேட்டு எத்தனை நாளான சிரிப்பு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்களோ? நல்லது. போன கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துப் பையை எட்டிப் பார்த்து, "இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டது யார்? சரி, சரி, நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை அட்டையையாவது நேராகப் பிடியுங்கள்.