மஞ்சள் மாத்திரை ஒன்று வேண்டும்

அன்பு மச்சானுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகனும் மருமகளும் நலம். அங்கு நீயும் உன் வீட்டாரும் உன் மருந்துத் தொழிற்சாலையும் நலமாக இருக்க வேண்டும். தொழிற்சாலையைச் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. படித்துவிட்டு அத்தானுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டாதே. மகன் ஏற்கெனவே கட்டிவிட்டான்.

என் ரத்தக் கொதிப்பு மாத்திரைதான் விஷயம். கண்டுபிடித்த கம்பெனியைத் தவிர வேறு யாரும் தயாரிக்கக் கூடாது என்று காப்புரிமை இருந்த காலத்தில், அந்த வெள்ளை மாத்திரையின் விலையைக் கேட்டாலே இருக்கிற கொதிப்பு இரண்டு மடங்காகும். போன வருஷம் காப்புரிமை முடிந்ததோ இல்லையோ, மூடி திறந்த சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு வந்த மாதிரி ஆளாளுக்கு அதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். உன் தொழிற்சாலையும் அதில் ஓர் எறும்புதான், கோபித்துக்கொள்ளாதே. விலை விழுந்தது, பழைய கம்பெனியே அதே மாத்திரையை வேறு பெட்டியில் போட்டு மலிவாக விற்கும் அளவுக்கு விழுந்தது. மருந்துக்கடைக்காரருக்கு எந்தக் கம்பெனி அதிகக் கழிவு தருகிறதோ அந்த மாத்திரைதான் எனக்கு. ஒரு மாதம் நீலம், ஒரு மாதம் நடுவில் கோடு போட்டது, ஒரு மாதம் மஞ்சள்.

மதியம் சாப்பிட்டதும் மருமகள் கையில் மாத்திரையை வைப்பாள். நான் கண்ணை இறுக மூடி விழுங்கிவிட்டு ஜன்னலோரம் சாய்ந்துவிடுவேன். மஞ்சள் அட்டை வாங்கிய அந்த மாதம்தான் உன் அக்கா வர ஆரம்பித்தாள். போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கனவில் எட்டிப் பார்க்காதவள் தினமும் வந்தாள். திரைச்சீலை வழியே வெயில் தரையில் தண்ணீராக அசையும், அறை மெல்ல மிதக்கும், எதிர் நாற்காலியில் அவள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். பேச மாட்டாள். பேசினால் கலைந்துவிடுமோ என்று நானும் பேச மாட்டேன். மாதக் கடைசியில் ஒருநாள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்து, "தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். அதே நேரம் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, நான் விழித்துவிட்டேன். மறுநாளிலிருந்து ரோஸ் மாத்திரை. ரோஸுக்குக் கனவு வரவில்லை, குறட்டைதான் வருகிறதாம்.

கடைக்கு ஓடினேன். விலைப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் அந்தச் சின்னக் கம்பெனி மஞ்சளையே நிறுத்திவிட்டதாம். எல்லாத்துக்குள்ளயும் மருந்து ஒண்ணுதான், சாயமும் மாவும்தான் வேறன்னு கடைக்காரர் எனக்கே பாடம் எடுத்தார். முப்பது வருஷம் மீட்டர் பார்த்தவன் நான். எல்லா வீட்டுக்கும் போறது ஒரே கரண்டுதான், எல்லா வீட்டு மீட்டரும் ஒரே மாதிரியா ஓடுது? டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துட்டு, மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அன்றிலிருந்து மகன் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறான், பயமாக இருக்கிறது.

மச்சான், மாத்திரை தண்ணியில எவ்வளவு நேரத்துல கரையுதுன்னு பார்க்கிறதுதானே உன் வேலை. போட்டிக் கம்பெனிச் சரக்கையும் வாங்கி வச்சுப் பார்ப்பீங்க இல்லையா? அதிலே மஞ்சள் இருந்தா அனுப்பு. அட்டை வேண்டாம், ஒரே ஒரு மாத்திரை போதும். அவ சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும். உயிரோட இருந்தப்பவும் நான் அவளை ஒரு பேச்சு முழுசாப் பேச விட்டதில்லை. இப்பவும் பாதியிலே விட்டுட்டு எழுந்து வந்தது மனசைப் போட்டு அறுக்குது.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உன் தொழிற்சாலை இன்னும் நூறு மாத்திரைகளின் காப்புரிமை முடிவதைக் கண்டு செழிக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மருமகள் படித்துவிட்டாள். மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பயந்து, அந்த மாதம் முழுக்கப் பழைய கம்பெனி வெள்ளையில் மிச்சமிருந்ததைத்தான் என் கையில் வைத்தாளாம். பிரிக்காத மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். அதைப் பார்த்தபடி, எதையும் விழுங்காமலே அசந்துவிட்டேன். உன் அக்கா வந்தாள். விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள்: "வாங்கிட்டுப் போன ஏணியை அவன் இன்னும் கொடுக்கலை." ஆகவே மாத்திரை வேண்டாம். ஏணி தபாலில் வராது, நீதான் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவள் போன பிறகு நீ இந்தப் படி ஏறவே இல்லை, மச்சான்.