வாயில் இறுகிய ஆராய்ச்சி

பயந்தவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எழுதுகிறார்கள். பத்திரிகையில் நானும் அப்படி எழுதியவன்தான். வாய் அடைபட்டவனுக்கு அடித்துக்கொள்வது மூக்கு.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். சென்னையிலிருந்து ஒரு பல் டாக்டர் கொல்லிமலைக்கு ஆராய்ச்சி செய்ய வந்தார். விரல் ரேகையும் தாடையும் கருவில் ஒரே சமயத்தில் உருவாகின்றன. ஆகவே ரேகை சுழியாக இருந்தால் பல்வரிசை அகலமாக இருக்கும் என்பது அவர் கட்சி. செய்தி எழுதப் போன என்னை (சேலத்துப் பத்திரிகைக்குப் புதுசு; எதற்கும் தலையாட்டுவேன்) உதவிக்கு வைத்துக்கொண்டார்.

மலைமேல் வாழவந்தி நாட்டில் ரேகையும் பல் அச்சும் கேட்டபோது யாரும் கை நீட்டவில்லை.

"கைநாட்டு வெச்சவன் காடெல்லாம் கீழ இருக்கறவங்க கைக்குப் போயிருச்சுங்க," என்றார் ஊர்க்கவுண்டர். "பல்லையும் பதிச்சுக் குடுத்தா இன்னும் என்ன போகுமோ. மொதல்ல இந்தத் தம்பிக்கு வெச்சுக் காட்டுங்க."

டாக்டர் என் விரல்கள் எல்லாவற்றிலும் மை தடவினார். லாடம் போன்ற தகரக் கிண்ணத்தில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து என் மேல்வரிசைப் பல்லில் அழுத்தினார். "நான் எடுக்கும்வரை எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு விளக்கத் திரும்பினார்.

"ஏனுங்க, ரெட்டைப் புள்ளைங்களுக்கு எப்படிங்க?"

"பல்லு போனா ரேகையும் போயிருமுங்களா?"

டாக்டரின் பேச்சை அதுவரை யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை போலும். அவர் நிறுத்தவில்லை. மாவு சூடேறியது, பிறகு கல்லானது. எச்சிலை விழுங்க முடியவில்லை. மறுநாள் என் பத்திரிகையிலேயே இரண்டு வரிச் செய்தியாக வருவேன் என்று தோன்றியது. (தலைப்புகூட யோசித்துவிட்டேன்.) "ம்ம்ம்" என்றேன்.

"தம்பி என்னமோ சொல்லுதுங்க."

"நான் சொல்வதை ஆமோதிக்கிறார்."

கிண்ணத்தைப் பிடுங்கப் பார்த்தேன். அது அசையவில்லை, மை மட்டும் முகமெங்கும் அப்பியது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"கண்ணு பிதுங்குதுங்க," என்றார் கவுண்டர்.

டாக்டர் திரும்பினார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் நான் முறையாகப் பயந்தேன். சின்னச் சுத்தியலும் உளியும் வெளியே வந்தன. கவுண்டர் என் தலையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"அசையாத சாமி. போனாப் பல்லோட போகட்டும்."

அப்படியே போயிற்று. மாவு துண்டு துண்டாக வந்தது. கடைசித் துண்டில் என் முன்பல் பாதி இருந்தது. நான் மூச்சு வாங்கிக் கிடக்கையில் டாக்டர் குனிந்து, என் கன்னத்தில் மையாகப் பதிந்திருந்த என் கட்டைவிரல் அடையாளத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"சுழி. நான் சொன்னேனா இல்லையா?"

கவுண்டர் தன் கைகளை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அதன் பிறகு மலையில் ஒருவரும் டாக்டர் எதிரே வாய் திறக்கவில்லை.

இன்றும் வீட்டில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்தால் என் மனைவி, "ஏனுங்க, மாவு இறுகிருச்சுங்களா?" என்பாள். இல்லை என்று சொல்ல வாய் திறப்பேன். அரைப்பல் சந்தில் முதலில் விசில்தான் வரும்.