சிட் அவுட்டுக்குக் கட்டிய நெத்திலி வலை

இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கும் சொத்து ஒரு நாற்காலி. வீடு என் மனைவி லீமாவின் பெயரில். ஸ்கூட்டர் அவள் பெயரில். ரேஷன் கார்டிலும் அவள்தான் குடும்பத் தலைவி. வீட்டு முன்வராந்தாவில், அதாவது சிட் அவுட்டில், கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மட்டும் இன்னும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பால் விடாத கட்டஞ்சாயாவோடு அதில் உட்கார்ந்து, கருங்கல் ஊர்ச் சந்தையிலிருந்து திரும்புகிறவர்களிடம் மீன் விலை விசாரிப்பேன். சவுதியில் கிடந்த காலமெல்லாம் நான் கனவு கண்டது இந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

அதற்கு ஆபத்து வந்தது. குழாய் பதிக்கிறோம் என்று வீட்டு முன்னால் ரோட்டைத் தோண்டினார்கள். குழாயை வைத்தார்கள். மண்ணைத் தள்ளி மூடினார்கள். தார் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்கள். களியக்காவிளைக்குக் கல் ஏற்றிப் போகும் டிப்பர் ஒன்று கடந்தால் போதும், என் கட்டஞ்சாயா பால்சாயா ஆகிவிடும்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் லீமா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“இஞ்ச பாருங்க. எப்பவும் துடைச்சிட்டே இருக்க என்னக் கொண்டு முடியாது. சிட் அவுட்டைக் கண்ணாடி போட்டு அடைக்கப் போறேன்.”

“அடைச்சா நான் எங்கட்டி இருக்கது?”

“உள்ள இருந்து டிவி பாருங்க.”

“டிவியில இருக்கவன் நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுவானா?”

“நான் கேட்டா நீங்க சொல்லுதியளா? வார ஞாயித்துக்கிழமை அன்பியம் நம்ம வீட்டுல. அதுக்குள்ள தூசி நிக்கணும். இல்லேங்கி கண்ணாடிதான்.”

அன்பியம் என்றால், எங்கள் தேவாலயப் பங்கில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைவைத்து வீடு வீடாகக் கூடி ஜெபிப்பது. அன்றைக்கே தூசியை ஒழித்துவிடுவதாகச் சபதம் எடுத்தேன். கடற்கரையில் வள்ளம் வைத்திருக்கும் மைத்துனன் மரியானுக்குப் போன் போட்டேன்.

“நெத்திலி வலை பழசு ஒண்ணு கிடக்கு, மச்சான். கொசுவே கடக்காது.”

“தூசி கடக்குமா?”

“நனைச்சுக் கெட்டுங்க. எல்லாம் அதுல ஒட்டிக்கிடும்.”

வலை வந்தது. வலையோடு வாசம் வந்தது. வாசத்தோடு ஊர்ப் பூனைகள் வந்தன. சோப்புப்பொடியில் ஊறப்போட்டு, மிதித்து மிதித்துக் கழுவினேன். பூனைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து, நான் ஏதோ அக்கிரமம் செய்வதுபோல் பார்த்தன. வாசம் போனதும் இரட்டையாக மடித்துக் கட்டி, ஹோஸ் பிடித்து நனைத்தேன். பக்கத்து வீட்டுத் தங்கப்பன் எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, வீட்டுக்குள்ள மீன் பிடிக்கப் போறியளா?”

“தூசி பிடிக்கப் போறேன் தங்கப்பா.”

பிடித்தேன்! வலைக்கு வெளியே செம்மண் அப்பிக் கிடந்தது. உள்ளே தரை கண்ணாடி மாதிரி இருந்தது. லீமா தரையை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். தோற்றுப்போய்விட்டாள் என்று நான் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்தது. அன்பியத் தலைவி லிஜி வலையைத் தொட்டுப் பார்த்தாள்.

“அண்ணே, எங்க வீட்டுல ஜெபமாலை சொல்ல வாயத் தொறந்தா மண்ணு. இஞ்ச சொர்க்கம்லா!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “எப்ப வேணும்னாலும் வாங்க. இது உங்க வீடு” என்று வாரி வழங்கினேன்.

“அப்போ லீமாக்கா சொன்னபடியே செஞ்சிருவோம். மே மாசம் மாதா வணக்க மாசம். தினமும் இஞ்சதான் ஜெபமாலை. சாயங்காலம் ஆறு மணி.”

அடுக்களைக்கு ஓடினேன்.

“ஏட்டி, ஆறு மணி எனக்க நேரம்லா?”

“மாதாவுக்கிட்டயா போட்டிக்கு நிக்கிய?”

“நீ எப்பட்டி லிஜிகிட்ட சொன்ன?”

“நீங்க வலைய மிதிச்சுக் கழுவிட்டு நின்னியல்லா, அப்பவே. கண்ணாடி போட்டா அவ்வளவு பேருக்கும் வேர்க்கும். வலைன்னா நல்ல காத்து. நான் கெட்டச் சொன்னா நீங்க கெட்டுவியளா?”

“சரி, மே முடிஞ்சா?”

“ஜூன் திரு இருதய வணக்க மாசம்.”

“ஜூலை?”

“திரு இரத்த மாசம்.”

ஆகஸ்டைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது ஆறு மணிக்கு என் நாற்காலியில் லிஜி இருக்கிறாள். நான் வலைக்கு வெளியே ரோட்டோரமாக ஹோஸ் பிடித்து நிற்கிறேன். ஜெபம் முடிகிறவரை வலை காயக்கூடாதாம்.