கோப்பையில் மூழ்கிய டிராம் ஓட்டுநர்

அலெக்ஸாண்ட்ரியாவில் கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் நடந்த வலைப்பதிவர் மாநாட்டுக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். அதில் நூற்றைம்பது பேர் முன்கூடத்தைத் தாண்டவில்லை. மீதிப் பேர் கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள். உள்ளே பெரிய அரங்கில் ‘பதிவுக்குத் தலைப்பு வைப்பது எப்படி’ என்று ஒருவர் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே நாற்காலிகள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. கூட்டமெல்லாம் முன்கூடத்தில் டாக்டர் மஹ்ரூஸைச் சுற்றி மொய்த்தது.

எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, சுண்டுவிரலில் நீலக்கல் மோதிரம், மேசையில் ஒரு மடிக்கணினி. இதற்குமேல் ஒரு டாக்டருக்கு என்ன வேண்டும்? அந்தக் காலத்துக் குறிகாரிகள் காபிக் கோப்பையைக் கவிழ்த்து, கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று சொன்னார்கள். மஹ்ரூஸ் காலத்தோடு முன்னேறியவர். அவர் வலைப்பதிவுக்குக் கோப்பை பார்த்தார். வாசகர்கள் ஏன் குறைந்தார்கள், பின்னூட்டம் ஏன் வற்றியது, யாருடைய கண் பட்டது என்பதெல்லாம் காபி மண்டியில் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பரிகாரத்தையும் அவரே விற்றார். நீலக்கண் படம் ஒன்று. அதைப் பதிவின் வலது மேல் மூலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மாதாமாதம் காசு கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். திருஷ்டிக்குக்கூட மாதச் சந்தா உண்டு என்று அன்றுதான் உலகம் தெரிந்துகொண்டது.

தஹானி முதல் நாள் காலையில் புது நோட்டும் மூன்று பேனாக்களுமாக வந்தாள். முதல் பக்கத்தில் ‘மாநாட்டில் கற்ற பாடங்கள்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள். பாடம் அத்தோடு நின்றது. அவளையும் கூட்டம் இழுத்துக்கொண்டது.

அவளுக்கு ஒரு கவலை இருந்தது. ‘தஹானியின் அடுப்படி’ என்ற சமையல் பதிவை ஐந்து வருடமாக நடத்திவந்தாள். எழுத்து அவளுடையது, படங்கள் அவளுடைய தோழி புஸைனாவுடையவை. புஸைனாவுக்குப் புகைப்படக் கடையில் வேலை. ஒரு காலத்தில் நாளைக்கு நானூறு பேர் வந்த பதிவுக்கு இப்போது முப்பது பேர் வந்தார்கள். அந்த முப்பதிலும் பாதி, தஹானியே திறந்து திறந்து பார்த்ததில் ஏறிய எண்ணிக்கை. ஊரில் எல்லோரும் வேறெங்கோ போய்ப் படிக்கிறார்கள் என்பதை அவள் மனம் ஒப்புக்கொள்ளவில்லை. கண் பட்டிருக்கிறது என்றால் சௌகரியமாக இருந்தது.

முறை எளிது. காலையில் ஒரு சீட்டில் பெயர், அம்மா பெயர், பதிவின் முகவரி மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். டாக்டர் அந்தச் சீட்டுகளோடும் மடிக்கணினியோடும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்வார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வெளியே வந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். தியானத்துக்கு மடிக்கணினி எதற்கு என்று அந்த நூற்றைம்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவர்கள்தான் இரவு பகலாகக் கணினியே கதி என்று கிடப்பவர்கள்.

தஹானியின் முறை வந்தது. அவள் குடித்துக் கவிழ்த்த கோப்பையை மஹ்ரூஸ் மூக்கருகே கொண்டுபோனார்.

“உங்கம்மா கையில தீக்காயம் இருக்கு. சர்க்கரைப் பாகு கொட்டினது.”

தஹானிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நீ பொறந்தது ரஷீத்ல. நைல் ஆறு தெரியுது. மரச்சன்னல் வெச்ச பழைய வீடு தெரியுது.”

“ஆமாங்க டாக்டர்.”

“உன் பக்கத்துலயே ஒருத்தி இருக்கா. இடது கைக்காரி. அவ கையில கறுப்பா ஏதோ இருக்கு, அதுக்கு ஒத்தைக் கண்ணு. அந்தக் கண்ணு வழியாத்தான் உன் சோத்தைப் பாக்குறா.”

“புஸைனா,” என்றாள் தஹானி.

“பேரை நான் சொல்லல. நீயே சொன்ன. நாளைக்கு மாநாடு முடியறதுக்குள்ள அவளை விலக்கிடு. இல்லாட்டி ரமலான் வரைக்கும் உன் பதிவு தாங்காது.”

சமையல் பதிவருக்கு ரமலான்தான் அறுவடை. தஹானி நீலக்கண் படத்தை வாங்கிக்கொண்டு, கால் தரையில் பாவாமல் வெளியே வந்தாள்.

சாயங்காலம் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து கல்லீரல் ரொட்டி தின்னும்போது புஸைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி விஷயத்தை மட்டும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். புஸைனா சிரிக்கவில்லை.

“எங்க பொறந்தேன்னு சொன்னாரு?”

“ரஷீத்.”

“நீ பொறந்தது தமன்ஹூர்டி. பஞ்சாலைக்குப் பின்னாடி. உங்கம்மா எங்கிட்டயே எத்தனை தடவை சொல்லியிருக்காங்க.”

“பதிவுல ரஷீத்துன்னுதான் எழுதியிருக்கேன். பஞ்சாலைக்குப் பின்னாடின்னு எழுதினா நல்லாவா இருக்கும்?”

“சரி. நீ விட்ட கதை கோப்பைக்கு எப்படித் தெரிஞ்சுது?”

தஹானி கொஞ்சம் திணறினாள். ஆனால் நம்புகிறவர்களுக்குப் பதிலா கிடைக்காது?

“கோப்பை மனசைப் பாக்குதுடி. என் மனசுல நான் ரஷீத்துக்காரிதான்.”

“என் மனசுல நான் மகாராணி. எங்கடி என் அரண்மனை?” புஸைனா ரொட்டியை மடியில் வைத்தாள். “அஞ்சு வருஷமா நீ கிளறி வெச்ச கஞ்சியக்கூட அழகா எடுத்துக் குடுத்த கண்ணுடி இது. இப்ப இதுவா உனக்குத் திருஷ்டி?”

தஹானிக்கு இருந்தது அந்த ஒரு தோழிதான். அந்த ஒரு பதிவும்தான். இரண்டில் ஒன்றை இன்று கழற்றச் சொல்லிவிட்டது ஒரு காபிக் கோப்பை.

“நாளைக்கு அஸர் வரைக்கும் பொறு,” என்றாள் புஸைனா. “அதுக்கப்புறமும் நான்தான்னு உனக்குத் தோணிச்சுன்னா, கடவுச்சொல்லை மாத்திக்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

அவள் மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேரே தன் கடைக்குப் போனாள்.

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. பதிவே இல்லாதவர்கள்கூட, இனிமேல் ஆரம்பிக்கப் போகும் பதிவுக்கு முன்கூட்டியே திருஷ்டி கழிக்க வந்திருந்தார்கள். காலையில் புஸைனாவும் சீட்டு எழுதிக் கொடுத்ததைத் தஹானி பார்த்தாள். வலது கையால் கோணல்மாணலாக எழுதினாள். இடது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. அஸருக்குப் பிறகு அவள் புருஷன் ஃபிக்ரியும் டிராம் ஓட்டுநர் சீருடையோடு வந்து சேர்ந்தார். தூணோரமாக நின்று ஒரு காபி வாங்கிக் குடித்தார். அந்தக் கோப்பையைப் புஸைனா கவிழ்த்து எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். இரண்டாவது காபிக்குக்கூடக் கஞ்சத்தனமா என்று தஹானி நினைத்தாள்.

“நர்கிஸ்,” என்று சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார் மஹ்ரூஸ். புஸைனா போய் உட்கார்ந்தாள். தஹானி வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

மஹ்ரூஸ் கோப்பைக்குள் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கைக்குட்டையை எடுத்தார்.

“தண்ணி தெரியுது. நிறையத் தண்ணி. சின்னப் படகு. கோடு போட்ட சட்டை. அம்மா நர்கிஸ், உன் புருஷன் அபூ கீர் கடல்ல போயிட்டான். மூணு வருஷம் ஆச்சு.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

“ஒரு மஞ்சக் குருவி தினம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுது.”

“கூப்பிடுது டாக்டர். அவரு எதாவது சொல்றாரா?”

“உன் தையலை நிறுத்தாதேங்கிறான்.”

“சாப்பாட்டுப் பிரியர் அவர். அங்க பசி கிசி இருக்கா?”

“பசியே இல்லையாம். நிம்மதியா இருக்கானாம்.”

புஸைனா திரும்பினாள். “ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க.”

தூணோரமிருந்து ஃபிக்ரி வந்தார். கையில் ஒரு பஸ்பூஸா, வாயில் பாதி பஸ்பூஸா.

“பசிக்குதா உங்களுக்கு?”

“பசிக்காம? மத்தியானத்துலேர்ந்து இந்த இனிப்பு மட்டுந்தான்.”

“இவர்தான் டாக்டர் என் புருஷன். டிராம் ஓட்டுறாரு. கடல்ல முட்டிக்கு மேல இறங்கினதில்ல.”

“எனக்குத் தண்ணின்னா பயம்,” என்றார் செத்துப்போனவர், மென்றுகொண்டே.

மஹ்ரூஸ் லேசில் விடுகிற ஆளா?

“நீ கோப்பையைச் சரியாக் குடிக்கல. அதனாலதான் குறி தப்பிடுச்சு.”

“நான் குடிக்கவே இல்லீங்களே. குடிச்சது அவர்தான். அவர் குடிச்ச கோப்பையிலயே அவர் செத்தது தெரிஞ்சுருக்கு. பாவம், சக்கரை போதலையோ என்னவோ.”

யாரோ ஒருவர் சிரித்தார். புஸைனா எட்டி, மேசையிலிருந்த மடிக்கணினியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். ‘ஒரு விதவையின் ஊசி’ என்ற பதிவு திறந்தபடியே இருந்தது. படகு, கோடு போட்ட சட்டை, மஞ்சள் குருவி, எல்லாம் அதில் இருந்தன.

“நேத்துச் சாயங்காலம் கடையில உக்காந்து நான் எழுதினது. ஒன்பது பதிவு, அத்தனையும் பொய். அடியில வருகை எண்ணிக்கையைப் பாருங்க. மொத்தம் ஒரே ஒரு ஆள். அவரு இங்கதான் உக்காந்திருக்காரு.”

அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்கே ஞாபகம் வந்தது.

“ஐயோ, மாமியாரோட வாய்வுத் தொல்லையை நான்தானே எழுதினேன்,” என்றாள் ஒருத்தி.

“என் ரெண்டாவது நிச்சயதார்த்தம் நின்னதும் பதிவுல இருக்கு,” என்றார் ஒரு மீசைக்காரர்.

எல்லாவற்றையும் இவர்களே ஊரறிய எழுதி வைத்துவிட்டு, கோப்பைக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு நாளாக மெய்சிலிர்த்திருக்கிறார்கள். மஹ்ரூஸ் இதற்குள் மெல்ல நழுவி அரங்கத்துக்குள் புகுந்தார். அங்கே தலைப்புக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஆள் வந்த சந்தோஷத்தில், “வாங்க, வாங்க, முன்னாடி உக்காருங்க,” என்று கையைப் பிடித்துக்கொண்டார். துரத்தி வந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அத்தனைக்கும் பிறகு ஒரு அம்மாள் புஸைனாவிடம் வந்து, “வலது மூலையில வேண்டாம்னா, அந்த நீலக்கண்ணை இடது மூலையில வெச்சுக்கலாமா?” என்று கேட்டதையும் சொல்லிவிட வேண்டும்.

தஹானிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. புஸைனாவின் இடது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கடவுச்சொல்லை மாத்தலடி.”

“தெரியும். காலையிலயே திறந்து பாத்தேன்.”

அன்றே தஹானி தன் பதிவில் ‘ரஷீத்’ என்பதை அழித்துவிட்டு, ‘தமன்ஹூர், பஞ்சாலைக்குப் பின்புறம்’ என்று திருத்தினாள். நீலக்கண்ணைத் தூக்கி எறிந்தாள். நோட்டில் எழுதாமல் விட்ட பாடங்களை ஒரு பதிவாகவே போட்டாள்: ‘நம்மை யாரும் படிப்பதில்லை என்று அழுகிறோம். என்னை ஒரு வரி விடாமல் படித்த ஒரே வாசகர் ஒரு மோசக்காரர். அவர் என்னைப் படித்த அளவுக்கு நான் அவரைப் படிக்கவில்லை.’ கூடவே, வாயில் பஸ்பூஸாவோடு ஃபிக்ரியின் படம்.

ஒரே நாளில் அறுநூறு பேர் வந்தார்கள். முதல் பின்னூட்டம் இப்படி இருந்தது: ‘அருமை சகோதரி. இவ்வளவு கூட்டம், கண் பட்டுவிடப் போகிறது. ஜாக்கிரதை.’

புஸைனா இடது கையால் பதில் தட்டினாள்: ‘கண் படட்டும், அதற்குத்தானே எழுதுகிறோம். உங்கள் கண் படும் இடத்தில் கொஞ்சம் மூளையும் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.’